தோராயமும் நேர்மையும்

பைதான் மொழியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் விடை 0.30000000000000004 என்று வருகிறது. இயந்திரத்துக்குக் கூட்டத் தெரியவில்லை என்று இதைக் காட்டிச் சிரிப்பது புரோகிராம் எழுதுகிறவர்களிடையே ஒரு பொழுதுபோக்கு. பகலில் வங்கிக் கவுண்டரிலும் இரவில் விமர்சனம் என்ற பெயரில் நண்பர்களின் விரோதத்தைச் சம்பாதிப்பதிலும் காலம் தள்ளுகிற எனக்கு இது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. இயந்திரம் இங்கே தன் விதிப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறது. நாம் கொடுத்ததாக நினைத்த எண்ணும் அதற்குப் போய்ச் சேர்ந்த எண்ணும் வேறு வேறு என்பதுதான் சங்கதி.

இரண்டால் வகுத்துக்கொண்டே போகிற பின்னங்களை மட்டுமே அது அறியும். நமக்கு மூன்றில் ஒன்று எப்படி 0.333 என்று எழுதி முடியாததோ, அப்படி அதற்குப் பத்தில் ஒன்று. எங்காவது வெட்டியாக வேண்டும். 1985இல் வந்த ஐ.இ.இ.இ. 754 என்ற தர விதி எங்கே, எப்படி வெட்டுவது என்று வகுத்தது. இன்று வழக்கமான ப்ளோட்டிங் பாயின்ட் எண்ணுக்கு 53 பிட்டுகள், அதற்கு மேல் இடமில்லை. நம் பழைய வாய்ப்பாட்டை இதன் முன் வைத்துப் பார்த்தேன். அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் பிசகில்லாமல் உள்ளே போகின்றன. இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, 320இல் ஒன்றான முந்திரி போவதில்லை; அவற்றுக்குள் ஐந்து ஒளிந்திருக்கிறது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் இந்த இயந்திரம் இருந்திருந்தால் ஓர் அணாவைக்கூட அது தோராயமாக வைத்திருக்க வேண்டியதில்லை. 1957இல் கணக்குச் சுலபமாகட்டும் என்று நூறு பைசாவுக்கு மாறினோம். ரூபாயின் பின்னமாக எழுதினால் 1 முதல் 99 வரையிலான பைசாக்களில் 25, 50, 75 ஆகிய மூன்றைத்தான் அது முழுதாக ஏற்கும். நம் சுலபம் அதன் சங்கடம்.

ஆக, தோராயம் தவிர்க்க முடியாதது. ஒழுக்கம் சார்ந்த கேள்வி அதற்குப் பிறகே ஆரம்பிக்கிறது: வெட்டிய மிச்சம் யார் தலையில் விழுகிறது?

எங்கள் கிளைக்கு ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் வருவார். 48,080 ரூபாய் வைப்பு, ஐந்து வருடம், 7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. கணக்குப்படி ஒவ்வொரு தவணைக்கும் 841 ரூபாய் 40 பைசா. வரவாவது 841. வைப்பு வட்டியை அருகிலுள்ள முழு ரூபாயாக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒருநாள் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். பதினெட்டுத் தவணை, 7 ரூபாய் 20 பைசா.

"அது ரவுண்டிங்கும்மா. சிலருக்குக் கொஞ்சம் கூடும், சிலருக்குக் குறையும். மொத்தத்துல சரியாயிடும்" என்றேன்.

"மொத்தத்துல சரியாயிடும், சரி. எனக்கு எப்போ தம்பி கூடியிருக்கு?"

பதில் இல்லை. நாற்பது பைசா ஒவ்வொரு முறையும் நாற்பது பைசாவேதான். ஒவ்வொரு முறையும் கீழேதான் போகும். பக்கத்தில் நிற்கிறவருக்கு 60 பைசா வந்தால் அவருக்கு ஐந்து வருடமும் லாபம். விதி யாரையும் குறிவைக்கவில்லை. கூட்டத்துக்கு நியாயமான விதி, அந்தக் கூட்டத்திலுள்ள ஒரு ஆளுக்கு முதலிலிருந்து கடைசிவரை ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சராசரி என்ற ஒருவர் எங்கள் கவுண்டருக்கு வந்ததில்லை.

பைதானில் 2.5ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் 2 வரும், 3.5ஐச் சொன்னால் 4. சரிபாதியில் நிற்கிற எண் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். எப்போதும் மேலேயே தள்ளினால் கூட்டுத்தொகை மெல்ல ஊதிவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இதற்கு 'வங்கியாளர் முறை' என்று ஒரு பெயர் உண்டு. வங்கியில் உட்கார்ந்திருக்கிற நான் இதைப் புரோகிராம் புத்தகத்தில்தான் முதலில் பார்த்தேன். எங்கள் வட்டிக் கணக்கில் 50 பைசா எப்போதும் மேலேதான். அதைவிட, டீச்சரின் நாற்பது பைசாவுக்கு இந்த முறையாலும் விமோசனம் கிடையாது. அது பாதியில் நிற்கவில்லையே.

ஒரே திசையில் வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு வான்கூவர் பங்குச் சந்தை சாட்சி. 1982இல் 1000 புள்ளியில் துவக்கிய குறியீட்டை ஒவ்வொரு வியாபாரத்துக்கும் புதுப்பித்து, மூன்றாவது தசமத்துக்குப் பிறகு வந்ததை அப்படியே தள்ளிவிட்டார்கள். 1983 நவம்பரில் அது 524க்கு வந்து நின்றது. திருத்திப் போட்டபோது 1098. அங்கே நஷ்டம் ஓர் எண்ணுக்கு. 1991 பிப்ரவரி 25 அன்று தஹ்ரானில் அப்படியில்லை.

வளைகுடா யுத்தத்தில் சவூதியின் அந்த ஊரைக் காத்து நின்ற அமெரிக்கப் பேட்ரியட் ஏவுகணைப் பிரிவின் கடிகாரம் பத்தில் ஒரு விநாடி வீதம் எண்ணியது. அதை விநாடியாக்க 0.1ஆல் பெருக்க வேண்டும், அந்த 0.1 இருந்ததோ 24 பிட்டில், வெட்டுப்பட்டு. (இது ப்ளோட்டிங் பாயின்ட் அல்ல, புள்ளி ஓரிடத்தில் நிலைத்த எண், வியாதி ஒன்றுதான்.) நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் பிசகு விநாடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். ராடார் அது இல்லாத இடத்தில் தேடியது. படைவீரர் தங்கியிருந்த இடத்தில் விழுந்தது. 28 பேர் செத்தார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் என்னை விடுவதாயில்லை. நேரக் கணக்கை முன்பே யாரோ செம்மைப்படுத்தியிருக்கிறார்கள் — புரோகிராமின் சில இடங்களில் மட்டும். எல்லா இடத்திலும் ஒரே பிசகு இருந்திருந்தால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது பிசகும் கழிந்துபோயிருக்கும். பாதித் திருத்தம் முழுத் தவறைவிட மோசமாயிற்று. இரண்டாவது, நான்கு நாட்களுக்கு முன், பிப்ரவரி 21இல், பேட்ரியட் பிரிவுகளுக்கு ஓர் எச்சரிக்கை போயிருக்கிறது: மிக நீண்ட நேரம் ஓடினால் குறி விலகலாம் என்று. எத்தனை மணி நேரம் 'மிக நீண்ட நேரம்' என்று அதில் இல்லை. நிறுத்தி மறுபடி இயக்கியிருந்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து துவங்கியிருக்கும். திருத்திய புரோகிராம் போய்ச் சேர்ந்தது 26ஆம் தேதி.

எண்ணில் நேர்ந்த தோராயம் நிர்ப்பந்தத்தால் வந்தது, அதன் அளவைக் கணக்கிட்டுச் சொல்லவும் முடியும். வார்த்தையில் நேர்ந்த தோராயத்துக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. எண்ணுக்குப் பதில் ஒரு பெயரடையைப் போட்டுவிட்டு ஒருவர் கடமை முடிந்தது என்று எழுந்து போயிருக்கிறார். இது ராணுவ அலுவலகத்து வழக்கம் மட்டுமல்ல. 'ஓரளவு வெற்றி பெற்ற கவிதை' என்று நானே எழுதியிருக்கிறேன். எந்த வரிவரை வெற்றி, எங்கே கைவிட்டது என்று சொல்லியிருக்கவில்லை. 'மொத்தத்துல சரியாயிடும்' என்று கவுண்டரில் சொன்னதும் அதே ஜாதிதான்.

பைதானிலேயே இந்தக் கேள்வி வேறொரு வேஷத்தில் வந்தது. 2009க்கு முன்பு 0.1 என்று தட்டினால் 0.10000000000000001 என்று திருப்பிக் காட்டும். 3.1 பதிப்பிலிருந்து, அந்த எண்ணை மற்றவற்றிலிருந்து பிரித்தறியப் போதுமான மிகச் சிறிய உருவத்தை மட்டும் காட்டுகிறது: 0.1. பார்க்க நன்றாயிருக்கிறது, உள்ளே இருப்பது மாறவில்லை. பொய் என்று சொல்ல மாட்டேன், பெயர் சொல்லி அழைப்பதைப் போன்றதுதான். ஆனால் பழையது ஒவ்வொரு முறையும் தன் குறையைச் சொல்லிக்கொண்டு வந்தது. அந்த மரியாதைக்குறைவு எனக்குப் பிடித்திருந்தது.

பணக் கணக்குக்கென்று டெசிமல் என ஒரு வகை இந்த மொழியில் 2004 முதல் இருக்கிறது. பத்தின் முறையிலேயே கணக்கிடும். அதற்கு 0.1ஐ எண்ணாகக் கொடுத்தால், ஏற்கெனவே பிசகிப்போனதை 0.1000000000000000055 என்று ஆரம்பித்து நீளமாக, விசுவாசமாக ஏற்றுக்கொள்ளும். மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுத்தால்தான் பத்தில் ஒன்று பத்தில் ஒன்றாகவே போகும். மூன்றில் ஒன்றுக்கு அதனிடமும் வழியில்லை. வழக்கமாக 28 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். இத்தனை இலக்கம் என்று நீங்களே சொல்லலாம், எப்படி வெட்டுவது என்றும் சொல்லலாம். சொல்லாவிட்டால் அது ஒன்றைத் தேர்ந்துகொள்ளும், தேர்ந்தது எது என்று கேட்டால் பதில் தரும். நான் கேட்கப்பட்டபோது தரவில்லை.

வீட்டில் டெசிமலில் டீச்சரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அடுத்த தவணைக்கு அவர் வந்தபோது ஒரு துண்டுச் சீட்டை நீட்டினேன்: வரவேண்டியது, வந்தது, விதி என்ன, வித்தியாசம் 8 ரூபாய். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார்.

"இன்னும் ஒரு தவணை வரணுமே தம்பி. இன்னிக்குத் தேதிக்கு ஏழு ரூபா அறுபது பைசாதானே?"

என் பேனாவை வாங்கி எட்டை அடித்து 7.60 என்று எழுதி, சீட்டைப் பாஸ் புக்கில் வைத்துக்கொண்டார்.