ஆறு யாருடையது?

ஓர் ஊரை ‘எங்க ஊர்’ என்று சொல்லிக்கொள்ள யாருக்கு உரிமை உண்டு? அங்கேயே பிறந்தவருக்கா, பாட்டன் முப்பாட்டன் காலத்துப் பத்திரம் வைத்திருப்பவருக்கா, பிழைக்க வந்து தங்கிவிட்டவருக்கா? மண்ணின் மைந்தர், வந்தேறி என்று மேடையில் அனல் பறக்கும் இந்த விவகாரத்தை நான் கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில் சந்தித்தேன். போலீசும் பேயும் மந்திரமும் கலந்த ஒரு நீண்ட நாவல் வரிசை அது.

பென் ஆரோனோவிச் எழுதும் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ வரிசை 2011-இல் தொடங்கியது. 2025-இல் வந்த ‘ஸ்டோன் அண்ட் ஸ்கை’ அதன் பத்தாவது நாவல். முதல் நாவலில் நாயகன் பீட்டர் கிராண்ட் பயிற்சிக் காலம் முடியும் தறுவாயில் இருக்கும் லண்டன் கான்ஸ்டபிள். அம்மா சியரா லியோனிலிருந்து வந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர். அப்பா ஜாஸ் இசைக் கலைஞர். கோவென்ட் கார்டனில் ஒரு கொலை நடந்த இடத்தில் அவன் காவல் நிற்கிறான். அங்கே வந்து சாட்சி சொல்பவர் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பீட்டர் அலறி ஓடவில்லை. வாக்குமூலம் வாங்கப் பார்க்கிறான்.

பேயைவிட என்னைப் பிடித்து நிறுத்தியவை ஆறுகள்தான். இந்தக் கதையுலகில் தேம்ஸுக்கு இரண்டு தெய்வங்கள். மூத்தவர் தந்தை தேம்ஸ். 1858 கோடையில் நகரத்தின் கழிவு முழுவதும் ஆற்றில் கலந்து லண்டனே நாறியது. நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத்துத் திரைச்சீலைகளைக் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். இது வரலாறு. ஓடைகளாக இருந்த தன் பிள்ளைகள் சாக்கடையாகிச் செத்ததும், கிழவர் மனம் வெறுத்து மேலாற்றுக்குப் போய்விட்டார் என்பது நாவல்.

நதியைத் தாயென்று கும்பிட்டுப் பழகிய நமக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். காலியாகக் கிடந்த அந்த இடத்துக்கு வந்த தாய் யார் என்பதுதான் புதுமை. நர்ஸ் படிப்புக்காக நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண், வாழ்க்கை வெறுத்து ஆற்றில் குதிக்கிறாள். சாகப் போனவள் ஆற்றின் அதிதேவதையாக எழுந்து வருகிறாள்.

இதை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியவில்லை. 1948-இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய பிறகு, அந்நாட்டு ஆஸ்பத்திரிகளைத் தாங்கிய கைகளில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் வந்த பெண்களின் கைகள் ஏராளம். அதே காலத்தில், 1957-இல், லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தேம்ஸில் உயிரில்லை என்று அறிவித்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டு, 1974-இல் அதில் மறுபடி ஒரு சால்மன் மீன் கிடைத்தது. ஆற்றைக் கைவிட்டவர் இருந்தார், கையேற்றவளும் இருந்தாள் என்ற கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஆறு கிடைக்காது.

முதல் நாவலில் பீட்டர் அந்தத் தாய் தேம்ஸின் வீட்டுக்குப் போகிறான். டீ வருகிறது. குடித்தால் அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டவனாகிவிடுவான் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோப்பையின் கனத்தை யாரும் விளக்க வேண்டாம். கடமை ஏதும் இல்லை என்ற வாக்குறுதி இல்லாமல் அவன் அதைத் தொடத் துணியவில்லை. சில நாவல்கள் கழித்து அதே அம்மாவின் மகள் பெவர்லியோடு குடும்பம் நடத்துகிறான். இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பனும் ஆகிறான். பெவர்லி புரூக் தென்மேற்கு லண்டனில் நிஜமாகவே ஓடும் சிற்றாறு.

ஒரே புத்தகத்தோடு நின்றிருந்தால் ‘ஆப்பிரிக்கப் பெண் தேம்ஸின் தெய்வம்’ என்பது ஒரு சாமர்த்தியமான யோசனையாகவே முடிந்திருக்கும். தெய்வமான பிறகு தினமும் என்ன செய்தாள், பெண்களை எப்படி ஆளாக்கினாள், அக்கம்பக்கத்தோடு எப்படி ஒத்துப்போனாள் என்பதெல்லாம் பத்துப் புத்தகத்தில்தான் தெரியும். ஊரோடு ஒட்டுவதும் அப்படித்தான். குடியுரிமைச் சான்றிதழ் ஒரு நாளில் கிடைத்துவிடும். தெரு நம்மை அடையாளம் கண்டுகொள்ள வருஷங்கள் ஆகும்.

வாசகனுக்கும் அதே கதி. முதலில் ஊர்ப்பெயர்கள் குழப்பும். போகப் போக, மேரிலபோன் சந்து ஏன் அப்படி வளைகிறது என்று புரியும். அடியில் புதைந்த டைபர்ன் ஓடையின் வளைவு அது. ஸ்லோன் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் பயணிகளின் தலைக்கு மேலே போகும் பெரிய இரும்புக் குழாயில் ஓடுவது வெஸ்ட்போர்ன் ஆறு. கிளர்க்கன்வெல்லில் ரே தெருவின் இரும்புக் கம்பி மூடியருகே காது கொடுத்தால், கீழே ஃப்ளீட் ஓடும் சத்தம் கேட்கும். அங்கேயே பிறந்து, தினமும் அந்தக் குழாயின் கீழ் ரயிலேறி, அண்ணாந்து பார்க்காதவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

இதனால் மூத்தவர் பக்கம் நியாயமே இல்லை என்றாகிவிடாது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் இடத்தைக் காலி செய்தது குற்றமில்லை. மேலாற்றை அவர் இன்றும் கைவிடவில்லை. ஆரோனோவிச் அவரைத் தோற்கடிக்கவும் இல்லை. பீட்டர் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசுகிறான். பெவர்லி கிழவர் வீட்டுக்கும், கிழவரின் மகன் ஒருவன் லண்டனுக்கும் பிணையாகப் போகிறார்கள். வீட்டுப் பிள்ளையை எதிர்த்தரப்பில் ஒப்படைக்கும் அளவுக்குப் போனால்தான் சமாதானம் கிடைக்கிறது.

முன்னால் இருந்தவர் என்பது மரியாதைக்குரிய தகுதி. ஆனால் அது மட்டும் போதாது. ஊர் நாறிய காலத்தில் யார் இருந்தார்கள், யார் கழுவினார்கள், பிள்ளைகளை அந்தத் தண்ணீரை நம்பி யார் வளர்த்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்துத்தான் உரிமை பேச வேண்டும். அந்தக் கணக்கை முதலில் எனக்கே போட்டுப் பார்க்கிறேன். நான் பிறந்த ஊருக்காகப் பிறந்ததைத் தவிர வேறு என்ன செய்திருக்கிறேன் என்று கேட்டால், சொல்வதற்கு அதிகமில்லை.