முகம் மாறிய பாத்திரமும் ரசிகரின் நடுநிலையும்

சின்னத்திரைத் தொடரில் முக்கியப் பாத்திரம் ஏற்றவர் விலகும்போது, அதே பாத்திரத்தில் வேறொருவரை நடிக்கவைத்துக் கதையைத் தொடர்வது நெடுநாள் வழக்கம். புதியவர் முதன்முதலாகத் தோன்றும் காட்சியில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி திரையில் ஓடும். அந்த வரி ஓடிய மாலையிலிருந்து ரசிகர் மனத்தில் ஓர் அறக்கேள்வி எழுகிறது. தாம் விரும்பிய நடிகர் போன பின்பும் அத்தொடரைப் பார்ப்பது அவருக்கு இழைக்கும் துரோகமா? வந்தவரை ஏற்றுக்கொள்வது போனவரை மறப்பதாகுமா?

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பியது சன் தொலைக்காட்சியின் ‘எதிர்நீச்சல்’. 2022 பிப்ரவரியில் தொடங்கிய இதை இயக்கியவர் ‘கோலங்கள்’ புகழ் திருச்செல்வம். படித்த பெண்களை மணமுடித்துக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே அடக்கி வைக்கும் குடும்பத்தின் மூத்தவன் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ படங்களை இயக்கிய அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தவன் இந்தக் குணசேகரன்தான். ‘இந்தாம்மா ஏய்’ என்ற அதட்டல் தொடரைப் பார்க்காதவர்களுக்கும் தெரிந்திருந்தது. 2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து அவர் இறந்தார். அடுத்த மாதம் குணசேகரனாக வந்தவர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி; ‘குற்றப் பரம்பரை’ நாவலை எழுதியவர், ‘மதயானைக் கூட்டம்’, ‘கிடாரி’ படங்களில் நடிகராகவும் தம்மை நிறுவிக்கொண்டவர். அவர் வந்ததுமே ஒப்பீடு தொடங்கிவிட்டது. நடை அப்படி இல்லை, பார்வை அப்படி இல்லை, அதட்டல் அப்படி இல்லை என்ற பேச்சு சமூக ஊடகங்களில் குவிந்தது. ஒருவர் இன்னொருவராக இல்லை என்பது குற்றமாகுமா என்று கேட்டவர்கள் குறைவு.

ரசிகர் தொடரோடு நிற்பது துரோகம் ஆகாது. வந்தவரை நேர்மையாகப் பார்ப்பதோ அவர் கடன். போனவர் மேல் வைத்த அன்பு எத்தனை உண்மையானதாக இருந்தாலும், அதைக் காரணம் காட்டி வந்தவரை இகழும் உரிமை எவருக்கும் இல்லை.

திருக்குறளின் அதிகார வரிசையே இதற்குச் சான்று சொல்கிறது. செய்ந்நன்றி அறிதலை வைத்த கையோடு நடுவு நிலைமையை வைத்தார் வள்ளுவர். இந்த வைப்புமுறைக்கு உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் சொல்கிறார்: நன்மை செய்தவரிடத்தில், அந்த நன்மையை நினைக்கும்போது, நடுவு நிலைமை குலையக்கூடும், அங்கேயும் அது குலையக்கூடாது என்பதற்காகவே நன்றியை அடுத்து நடுநிலை வந்தது. ரசிகரின் இக்கட்டும் இதுவேதான். நாள்தோறும் மாலையில் தம்மைச் சிரிக்கவும் கொதிக்கவும் வைத்த நடிகருக்கு அவர் நன்றி உடையவர். நன்றி நல்லது. ஆனால் அந்த நன்றியின் பெயரால் மூன்றாம் மனிதர் ஒருவருக்கு அநீதி நேரும்போது அது நன்றி என்ற தகுதியை இழக்கிறது. உரையாசிரியர் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே காட்டிய இந்த இடறுகல்லில்தான் இன்றைய ரசிகர் கூட்டம் மீண்டும் மீண்டும் இடறி விழுகிறது.

இதில் இன்னொன்றையும் எண்ண வேண்டும். ரசிகர் நேசித்தது ஒரு நடிகரை மட்டுமா? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியை எடுத்த எடுப்பில் ஆடவிடவில்லை. ஆடல் ஆசான், இசையாசிரியன், பாட்டுப் புனையும் கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் சொல்லி, அரங்கின் அளவையும் சொல்லிய பிறகே அவளை மேடையேற்றுகிறார் இளங்கோ. ஆடுபவள் ஒருத்தியானாலும் ஆட்டம் பலருடையது என்பதை அந்தக் காதை போல விளக்கிய நூல் அரிது. தொலைக்காட்சித் தொடரில் இது இன்னும் கூடுதலான உண்மை. கதை ஒருவருடையது, திரைக்கதை ஒருவருடையது, வசனம் வேறொருவருடையது. கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்து நடிக்கும் கதாநாயகிகள் பலருக்குக் குரல் தருபவர் டப்பிங் கலைஞர். அத்தகைய பாத்திரத்தில், பார்வையாளர் நெஞ்சை உருக்கிய அழுகையில் பாதி, பெயரும் தெரியாத ஒருவரின் தொண்டையிலிருந்து வந்தது. நடிகை மாறியபின் ‘இனி இத்தொடரில் ஒன்றுமில்லை’ என்று சொல்பவர், எஞ்சி நிற்கும் அத்தனை பேரின் உழைப்பையும் ஒன்றுமில்லை என்கிறார். ஒளியமைப்பவர் முதல் ஒப்பனையாளர் வரை எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தொடர்தான் மாத வருமானம்.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர், பழைய நாடகத்தமிழ் நூலாசிரியர் செயிற்றியனாரின் கருத்தொன்றை எடுத்துக்காட்டுவர். நடிப்பவன் உணர்த்தியது காண்பவனைச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்பது அதன் சாரம். சேர்ந்ததா என்பதே அங்கே அளவுகோல். யாரிடமிருந்து சேர்ந்தது என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. பரதரின் நாட்டிய சாத்திரமும், உயிர் ஓர் உடலின் இயல்பை விட்டு மற்றோர் உடலின் இயல்பைக் கொள்வதுபோல நடிகன் பாத்திரத்தின் இயல்பைக் கொள்கிறான் என்கிறது. தமிழ் மேடையும் இந்த நெறியில்தான் வளர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இன்றும் ஸ்பெஷல் நாடகமாக ஊர்த் திருவிழாக்களில் நடக்கிறது. நேற்று ஓர் ஊரில் முருகனாக நின்ற ராஜபார்ட்டும் இன்று வேறோர் ஊரில் நிற்பவரும் வெவ்வேறு ஆட்கள். வள்ளியும் அப்படியே, நாரதரும் அப்படியே. விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டம் இவர் எப்படிச் செய்கிறார் பார்ப்போம் என்ற ஆவலோடு பார்க்கிறது. சிறுவர்களே நடித்த அந்நாளைய பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேஷம் போட்ட சிறுவனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்த வேஷம் அடுத்த சிறுவனுக்குப் போகும். நாடகம் நின்றதில்லை. இந்தப் பெரிய மரபைக் கண்டு வளர்ந்த மக்கள், சின்னத்திரையில் மட்டும் ஒரு முகம் மாறியதற்காக மனம் சுருங்குவது பொருந்தாது.

விலகல்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. மரணத்தால் நேர்வது முதல் வகை. இதில் எவர் மேலும் குற்றமில்லை, துயரம் மட்டுமே உண்டு. விஜய் டிவியின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தார். அவருக்குப் பின் காவ்யா அறிவுமணி முல்லையானார். 2022இல் அவரும் விலக, லாவண்யா வந்தார். முல்லையின் கணவன் கதிராக நடித்த குமரன் மூன்று முல்லைகளோடும் நடித்தார். நேற்றுவரை ஒருவரோடு பேசிய அன்பை இன்று வேறொருவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய பாரம் அவருக்கு இருந்தது. வீட்டில் அமர்ந்து பார்த்தவர்களின் பாரம் அதைவிடப் பெரிதன்று. அவர் ஏற்றதை ரசிகரும் ஏற்கலாம்.

இரண்டாம் வகை, நடிகர் தாமே விலகுவது. ‘பாரதி கண்ணம்மா’ தொடரின் கண்ணம்மாவாக வீட்டுப் பெண்போல ஆகிவிட்டிருந்த ரோஷினி ஹரிப்ரியன் 2021இல் விலகினார், வினுஷா தேவி வந்தார். திரைப்பட வாய்ப்பு, உடல்நலம், மகப்பேறு, கால்ஷீட் சிக்கல் என்று தாமே விலகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பாகும் தொடருக்காக மாதத்தின் பெரும்பகுதியைப் படப்பிடிப்புத் தளத்திலேயே கழிக்கும் ஒருவர், போதும் என்று முடிவெடுக்கும் உரிமையுடையவர். போனவரை நன்றி கெட்டவர் என்றும், வந்தவரை இடம் பிடித்தவர் என்றும் ஒரே மூச்சில் ஏசுவது இருவருக்கும் செய்யும் அநீதி.

மூன்றாம் வகை, நிர்வாகம் நடிகரை நீக்குவது. இங்குதான் கோபத்துக்குச் சற்று நியாயம் உண்டு. ஆனால் கோபம் போக வேண்டிய முகவரி வேறு. ஓர் எடுத்துக்காட்டு: பிரிட்டனின் பிபிசி 1963 முதல் ஒளிபரப்பிய ‘டாக்டர் ஹூ’ தொடரில், 1966இல் முதல் நாயகர் வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நலம் குன்றியபோது, நாயகன் உருமாறிப் புதுமுகம் கொள்வான் என்று கதையிலேயே வழி செய்தார்கள். பேட்ரிக் ட்ரவ்டன் வந்தார், தொடர் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. அதே தொடரில் 1986இல் காலின் பேக்கரை பிபிசி நீக்கியது. உருமாறும் காட்சிக்காகத் திரும்பிவர அவர் மறுத்துவிட்டார். அவருக்குப் பின் வந்த சில்வெஸ்டர் மெக்காயே பேக்கரின் தலைமுடியைப் போன்ற டோப்பாவை அணிந்து அந்தக் காட்சியில் படுத்திருந்தார். பேக்கருக்கு நேர்ந்தது கசப்பானது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் முடிவெடுத்த அதிகாரிகள். வேலைக்கு அழைக்கப்பட்டு வந்த மெக்காய் அல்லர்.

மறுபக்கத்தில் ஒரு நியாயம் இருப்பதை மறைக்கத் தேவையில்லை. நாடகக் கொட்டகையில் தொலைவிலிருந்து பார்த்த முகத்துக்கும், வீட்டுக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்து பார்த்த முகத்துக்கும் வேறுபாடு உண்டு. பிடிக்காத தொடரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எந்த அறமும் சொல்லவில்லை. மனம் ஒட்டாதவர் அமைதியாக விலகிக்கொள்ளலாம்.

அமைதியாக என்பதுதான் இதில் முக்கியம். பலர் விலகுவதில்லை, தொடரின் முன்னால் உட்கார்ந்துகொண்டே வந்தவரைத் தூற்றுகிறார்கள். பயனில சொல்லாமைக்கும் புறங்கூறாமைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தது இத்தகைய வாய்களைக் கண்டுதான் போலும். நடிப்பைக் குறை சொல்வதில் தவறில்லை. குணம், குற்றம் இரண்டையும் ஆராய்ந்து, மிகுந்தது எதுவோ அதைக் கொண்டு ஒருவரை மதிப்பிடும் முறையைத் தெரிந்து தெளிதல் அதிகாரம் கற்பிக்கிறது. அப்படி ஆராய நாள் வேண்டும். படப்பிடிப்புக்கும் ஒளிபரப்புக்கும் இடையே சில நாட்களே கிடைக்கும் தொழிலில், புதியவர் ஒத்திகைக்குக்கூட நேரமின்றி, நூற்றுக்கணக்கான எபிசோடுகள் ஓடிவிட்ட கதைக்குள் நடுவே வந்து நிற்கிறார். பாத்திரத்தின் பழைய வாழ்வு முழுவதையும் ஒரே நாளில் சுமக்க வேண்டியவர் அவர். முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதுவது கல்நெஞ்சம். அவருடைய நிறத்தையும் வயதையும் உடலமைப்பையும் ஏளனம் செய்வது அதனினும் கீழானது. அது விமர்சனம் என்ற பெயருக்கே உரியதன்று.

தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் விலகும்போது ஒற்றை வரி அறிவிப்போடு முடித்துக்கொள்ளாமல், அவரை மரியாதையோடு வழியனுப்பிவிட்டு வந்தவரை அறிமுகம் செய்தால் ரசிகரின் மனமும் எளிதில் ஆறும்.

‘எதிர்நீச்சல்’ 2024 ஜூனில் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்ற பெயரில் மறுபடி தொடங்கியபோது, குணசேகரனாக வேல ராமமூர்த்தியே நீடித்தார். கதாநாயகி ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி வந்தார். மதுமிதாவை விரும்பியவர்கள் அவரைத் தொடர்ந்து விரும்பட்டும். பார்வதியின் நடிப்பை அவர் நடிப்பாகவே பார்த்து மதிப்பிடட்டும்.