கடுகு கேட்டுச் சென்ற தாய்

என் தமையனாருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுபட்டு, வாரத்துக்கு மும்முறை இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய நிலை வந்தபோது, அவருக்குத் துணையாகப் போய் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் பல நாட்கள் காத்திருந்தேன். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரமெல்லாம் அங்கு வருவோரையும் போவோரையும் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு வேலை.

ஒருநாள், இருபத்திரண்டு வயதுக்கு மேற்படாத இளைஞன் ஒருவன் முதன்முறையாக டயாலிசிஸுக்கு வந்திருந்தான். முன்கையில் செய்திருந்த சிறு அறுவைச் சிகிச்சையின் தழும்பை மறு கையால் மூடிக்கொண்டு, எவர் முகத்தையும் பாராமல் உட்கார்ந்திருந்தான். வைத்தியர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கியிருந்தார். தாயார் கண்ணீரை அடக்கிக்கொண்டு தைரியம் சொன்னார். நானும் என் பங்குக்கு ஏதோ சொன்னேன். ஒன்றும் அவன் செவியில் ஏறவில்லை. அப்போது, ஆறு வருஷங்களாக அங்கே வந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி தம் புடவைத் தலைப்பை விலக்கி, நரம்பு புடைத்து முடிச்சு முடிச்சாக இருந்த இடக்கையை அவன் முன் நீட்டி, "பயப்படாதே தம்பி, இங்கே தொட்டுப் பாரு" என்றார். அவன் தயங்கித் தயங்கி விரலை வைத்தான். தமனியையும் சிரையையும் இணைத்த அந்த இடத்தில் இரத்தம் பாயும் அதிர்வு, கைக்குள் வண்டு ஒன்று ரீங்காரமிடுவது போல் விரல் நுனிக்குத் தெரியும். "இது ஓடிக்கிட்டிருக்கிற வரைக்கும் நல்லா இருக்குன்னு அர்த்தம். காலையிலே எழுந்ததும் உன் கையிலே வச்சுப் பாத்துக்கோ" என்றார். பிறகு தாகத்தைப் பற்றிப் பேசினார்: நாளொன்றுக்கு அளந்து விட்ட தண்ணீரில் ஒரு பங்கைப் பனிக்கட்டியாக்கி, ஒவ்வொரு துண்டாக வாயில் அடக்கிக்கொண்டால் நெடுநேரம் தாங்கும் என்றார். அந்த இளைஞன் அன்று முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்து, "ராத்திரியிலே தாகம் எடுத்தா என்ன செய்வீங்க, பாட்டி?" என்று கேட்டான்.

வைத்தியருக்கு இருந்த சாஸ்திர ஞானம் அந்த மூதாட்டிக்கு இல்லை. தாய்க்கு இருந்த பாசமும் இருந்திருக்க முடியாது. ஞானத்தாலும் பாசத்தாலும் திறவாத கதவு அவருடைய கை பட்டதும் திறந்தது எவ்வாறு? இக்கேள்வி நெடுநாள் என்னை விட்டு அகலவில்லை.

வேதனை என்பது உலகப் பொருள்கள் அனைத்திலும் மிக அந்தரங்கமானது. எரியும் நெருப்பை நூறு பேர் சூழ நின்று பார்க்கலாம். சுட்ட புண்ணின் எரிச்சலை அனுபவிப்பவன் ஒருவனே. அப்படியிருக்க, பிறர் நோயை அறிந்தோம் என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? திருவள்ளுவர் இன்னாசெய்யாமை அதிகாரத்தில், பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பத்தைப் போலக் கருதிக் காவாதவனுக்கு அவன் பெற்ற அறிவினால் ஆவது என்ன என்று வினவுகிறார். அந்தக் குறளில் 'போல்' என்று ஒரு சிறு சொல் நிற்கிறது. பிறன் நோய் உன் நோயாகிவிடும் என்று அப்பெரியார் சொல்லவில்லை. உன் நோயைப் போல் என்றே சொன்னார். இருவரையும் பிரிக்கும் இடைவெளியை மறைக்காமலே, அதைக் கடக்க ஒரு பாலமும் அமைத்துத் தருகிறது அச்சொல். நம்மில் பெரும்பாலோர் கற்பனையின் வலிமையால் அப்பாலத்தில் பாதி தூரம் செல்கிறோம். அதே நோயில் உழன்றவரோ நடந்து பழகிய பாதையில் நடப்பவராய் வந்து சேர்கிறார்.

சிராவஸ்தி நகரத்தில் வாழ்ந்த கிசா கோதமியின் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இறந்த குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு மருந்து கேட்டு அலைந்த அந்தத் தாயை, மரணமே நிகழாத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வருமாறு புத்தர் பெருமான் பணித்தார். மரணம் அனைவர்க்கும் பொது என்பதே இக்கதையின் நீதி என்று சிறுவயதில் கற்பித்தார்கள். அந்த நீதியை மட்டும் உணர்த்துவது கருத்தாயின், ஒரே வாக்கியத்தில் அவளுக்குச் சொல்லி முடித்திருக்கலாமே. வீடு வீடாக அவளை ஏன் அனுப்ப வேண்டும்? புத்தரின் வாயிலிருந்து வந்தாலும் அந்தத் தருணத்தில் அவளுக்கு ஏற்காத உண்மை, படிதோறும் நின்ற பெண்களின் வாயிலிருந்து வந்தபோது ஏற்றது. கடுகு எந்த வீட்டில் இல்லை? கொடுக்கக் கை நீட்டியவள், நிபந்தனையைக் கேட்டதும் தன் மகனையோ கணவனையோ நினைத்துக் கையை இழுத்துக்கொண்டிருப்பாள். வாசலில் நின்றவளும் வீட்டுக்குள் இருந்தவளும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்திருப்பார்கள். அந்த நடையும் அந்தப் பார்வையுமே மருந்து என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இவ்வுண்மையை நவீன உலகம் மீண்டும் கண்டுகொண்டது தற்செயலாகத்தான். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943-இல் கண்டறியப்படுமுன், ஓய்வும் திறந்த காற்றும் நல்ல உணவுமே முக்கியமான சிகிச்சை. மலைப்பிரதேசத்துச் சானடோரியங்களுக்குச் செல்ல வசதியற்ற ஏழை நோயாளிகளை, 1905-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் வைத்தியர், இம்மானுவேல் தேவாலயத்தின் ஆதரவோடு, வாரம் ஒருமுறை ஒன்றாகக் கூட்டினார். சுகாதார முறைகளைப் பலருக்கும் ஒருங்கே போதிப்பதே அவர் நோக்கம். ஆனால் அவர் எண்ணியதற்கு மேலாக, ஒரே நோய் அவர்களைத் தோழமையில் பிணைத்து, ஒருவர் தேறுவதைக் கண்டு மற்றவர் ஊக்கம் பெறுவதை அவர் கண்டார்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன், ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகருக்கு வியாபாரமாகப் போய், அது முறிந்து, விடுதியின் கூடத்தில் தனித்து நின்றார். குடியால் வாழ்வை இழந்து, அதை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதுவரை பல குடியர்களுக்கு உபதேசித்தும் ஒருவரையும் அவரால் திருத்த முடியவில்லை. மதுக்கூடத்திலிருந்து வந்த சிரிப்பொலி அவரை அழைத்தது. அந்த வேளையில் அவருக்குப் பளிச்சென்று ஒன்று புலப்பட்டது: தான் தப்ப வேண்டுமானால், இன்னொரு குடியரிடம் பேசியாக வேண்டும். தேவாலயத்தாரிடம் தொலைபேசியில் பேசி, ஒருவர் மூலம் ஒருவராக விசாரித்து, பாப் ஸ்மித் என்னும் அறுவை வைத்தியரைச் சந்தித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்த வைத்தியர், இரவு வெகுநேரம் வரை பேசிக்கொண்டிருந்தார். குடிநோயைத் தன் அனுபவத்தால் அறிந்து தன்னிடம் பேசிய முதல் மனிதர் அவரே என்று ஸ்மித் பிற்காலத்தில் எழுதினார். ஸ்மித் கடைசியாகக் குடித்ததாகக் கருதப்படும் ஜூன் 10-ஆம் தேதியே, குடிநோயர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும், இன்று உலகெங்கும் பரவியுள்ள ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பிறந்தநாள்.

இச்சம்பவத்தில் என் சிந்தையைக் கவர்வது, கொடுப்பவனே முதலில் யாசகனாக நின்றான் என்பதுதான். தானத்தில் சாதாரணமாகக் கொடுப்பவன் கை மேலேயும் பெறுபவன் கை கீழேயும் இருக்கும். நோயாளிக்கு நோயாளி சொல்லும் ஆறுதலில் மேல் கை எது, கீழ் கை எது என்று பிரித்தறிய இயலாது. அந்த இளைஞன் விரல் வைத்துப் பார்த்தபோது, ஆறு வருஷமாக ஊசி ஏறிப் புண்பட்ட அந்தக் கைக்கும் ஒரு பயன் பிறந்தது. அன்று மூதாட்டியின் முகத்திலும் ஒரு தெளிவைக் கண்டேன்.

அவரவர் வினையை அவரவரே அனுபவித்தாக வேண்டும்; இதில் பிறர் செய்யத்தக்கது என்ன என்று கேட்போர் உண்டு. கர்மத்தைப் போதித்த புத்தரே இதற்கும் விடை தந்திருக்கிறார். வயிற்றுப்போக்கால் துன்புற்று, தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்ஷுவைக் கண்டு, சீடர் ஆனந்தரோடு சேர்ந்து தம் கைகளாலேயே நீராட்டிப் படுக்க வைத்தபின், தாயும் தந்தையும் அருகில் இல்லாத நீங்கள் ஒருவரை ஒருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்று சங்கத்தாரைக் கடிந்துகொண்டதாக வினய பிடகம் கூறுகிறது. சுமப்பவன் யார் என்பதை வினைக்கொள்கை சொல்லட்டும்; சுமக்கிறவனைக் கண்டும் காணாததுபோல் ஒதுங்கிச் செல்லும் உரிமையை அது எவருக்கும் வழங்கவில்லை.

ஆயினும், ஓர் எச்சரிக்கையும் தேவை. 'போல்' என்னும் சொல்லை மறந்து, எனக்குக் கேட்ட மருந்து உனக்கும் கேட்கும் என்று ஒருவர் துணிந்துவிட்டால், ஆறுதலே அபாயமாகிவிடும். அதே தாழ்வாரத்தில் ஒருவர், உடம்புக்குக் குளிர்ச்சி என்று அந்த இளைஞனை இளநீர் குடிக்கச் சொன்னார். பொட்டாசியம் மிகுந்த இளநீர், அதை வெளியேற்ற வல்லமையற்ற சிறுநீரகம் உடையவரின் இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். மூதாட்டி உடனே குறுக்கிட்டு, "அதெல்லாம் டாக்டர்கிட்டே கேட்டுக்கோ தம்பி. தாகத்தை அடக்குற வழி மட்டும் எங்கிட்டே கேளு" என்றார். தம் அனுபவம் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கோதமி கடுகு இல்லாமலே திரும்பினாள். குழந்தையை அடக்கம் செய்துவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தாள். முதிய பிக்ஷுணிகளின் பாடல்களைத் தொகுத்த தேரீகாதையில் அவள் பெயரால் வழங்கும் பாடல், மரணத்தைப் பற்றியோ அநித்தியத்தைப் பற்றியோ பேசித் தொடங்கவில்லை; நல்ல நண்பர்களைப் போற்றித் தொடங்குகிறது. அன்று அந்த வாசல்களில் நின்ற பெண்களில் ஒருத்தியின் பெயரையேனும் நாம் அறியோம். அவர்களை அவள் மறக்கவில்லை என்றே நான் நம்புகிறேன்.