வெட்டிய குழாயும் ஒருமை என்னும் கேள்வியும்

சக்கரக் கட்டரால் வெட்டும்போது செம்புக் குழாயின் உலோகம் குறைவதில்லை. ரம்பம் தூளை உதிர்க்கும்; கட்டரின் எஃகுச் சக்கரமோ குழாயைச் சுற்றிச் சுற்றி வந்து செம்பை இருபுறமும் ஒதுக்கிப் பிளக்கிறது. விளிம்பில் உள்நோக்கி மடங்கும் பிசிறும் அதே செம்புதான். எடை அப்படியே இருக்க, ஒன்றாயிருந்தது இரண்டாகிவிடுகிறது. அப்படியென்றால் ஒருமை என்பது செம்போடு சேர்ந்திருந்த இன்னொரு பொருள் அல்ல.

இணைக்கும்போது கேள்வி கடினமாகிறது. அரிஸ்டாட்டில் தம் ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலில், கயிற்றால் கட்டிய கட்டையும் பசையால் ஒட்டிய மரத்தையும் ஒன்று என ஏற்கிறார். இயற்கையிலேயே தொடர்ச்சியாக இருப்பது அவற்றைவிட மிகுதியாக ஒன்று என்கிறார். ஒருமையில் ஏற்றத்தாழ்வு உண்டு என்பது இதன் பொருள். குழாய் வேலையில் அதைக் கண்ணால் காணலாம். கம்ப்ரெஷன் இணைப்பில் நட்டை முறுக்க, உள்ளிருக்கும் வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்வுகிறது. அது வெறும் பிடிப்பு. ஸ்பேனர் போதும், கழன்றுவிடும்.

பற்றவைத்த இணைப்பு வேறு வகை. செம்பைத் தேய்த்து, ஃபிளக்ஸ் தடவிச் சூடாக்கினால், உருகிய வெள்ளீயக் கலவை நுண்புழை விசையால் மெல்லிய இடைவெளிக்குள் தானே ஏறுகிறது. வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் போதும். செம்புக்கு 1,085 வேண்டும். எனவே செம்பு உருகுவதில்லை. ஆனாலும் தொடும் பரப்பில் இரு உலோக அணுக்களும் சேர்ந்து, செம்பும் அல்லாத வெள்ளீயமும் அல்லாத ஒரு சேர்மம் மெல்லிய படலமாக உருவாகிறது.

மெய்யியலாளர் பீட்டர் வான் இன்வேகன் 1990இல் வெளியிட்ட ‘மெட்டீரியல் பீயிங்ஸ்’ நூல் இதையும் போதாது என்கிறது. தொடுதல், பிணைத்தல், ஒட்டுதல், கலத்தல் எதுவும் பலவற்றை ஒன்றாக்காது. உயிரின் இயக்கம் மட்டுமே ஆக்கும். அப்படியானால் வெட்டாத குழாயும் ஒரு பொருள் அல்ல, குழாய் வடிவில் அமைந்த துகள்களே. துணிச்சலான முடிவுதான், ஆனால் ஏற்பது கடினம். வெட்டியபோது மாறியது துகள்களின் அமைப்பு மட்டுமே என்று அவர் தரப்பு சொல்லலாம். ஆனால் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையும் வருவதும், நீரழுத்தத்தைச் சுற்றுச்சுவர் முழுவதும் சேர்ந்து தாங்குவதும் தனித்தனித் துகளின் செயல்களாகத் தெரியவில்லை.

அரிஸ்டாட்டிலின் ஏற்றத்தாழ்வே இங்கு நன்றாகப் பொருந்துகிறது. பற்றவைத்த இணைப்பையும் மீண்டும் சூடாக்கிக் கழற்றலாம். அந்த அளவில் அது இன்னும் இரண்டு. ஆனால் கழன்று வரும் குழாயின் முனையில் அந்தச் சேர்மப் படலம் ஒட்டியே இருக்கும்; அந்த அளவில் அது ஒன்றாகவும் இருந்திருக்கிறது.