ஆற்றில் போட்டாலும்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள் நம் பெரியவர்கள். கணக்கு ஒழுங்குக்காகச் சொல்லப்படும் பழமொழிதான். ஆனால் அதற்குள் ஓர் அறக்கேள்வியும் இருக்கிறது. ஆற்றோடு போகப்போகிற பொருளை ஏன் அளக்கவேண்டும்? கையைவிட்டுப் போன பிறகும் அது நம் கணக்கிலா இருக்கிறது?

2025 பெப்ரவரி 19 அதிகாலை, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபல்கன் 9 ரொக்கெட்டின் மேற்பகுதி ஒன்று கட்டுப்பாடின்றி வளிமண்டலத்துக்குள் இறங்கியது. அயர்லாந்துக்கு மேற்கே, சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் எரியத் தொடங்கி, ஐரோப்பிய வானத்தைக் கடந்தது. எரியாமல் எஞ்சிய துண்டுகள் போலந்தில், பொஸ்னான் நகருக்கு அருகே விழுந்தன. அவற்றை எல்லோரும் கண்டார்கள். பொலிஸார் வந்தார்கள், படங்கள் செய்தியாயின.

எரிந்துபோன பகுதியை யாரும் தேடவில்லை. ஆனால் ஏறத்தாழ 20 மணித்தியாலங்களின் பின்னர், ஜேர்மனியின் பால்டிக் கரையிலுள்ள கூலுங்ஸ்போர்னில், லைப்னிட்ஸ் வளிமண்டலப் பௌதிகவியல் நிறுவனத்தின் லேசர் கருவி 96 கிலோமீற்றர் உயரத்தில் இலித்தியம் பத்து மடங்காக உயர்ந்திருப்பதைக் கண்டது. அந்த உயரத்தில் எரிகற்கள் விட்டுச்செல்லும் இலித்தியம் மிகச் சொற்பம். ஃபல்கன் 9இன் தாங்கிகளோ அலுமினியமும் இலித்தியமும் கலந்த உலோகத்தாலானவை. ஆய்வாளர்கள் கணினியில் காற்றைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அந்த இரவில் தங்கள் தலைக்கு மேல் நின்ற காற்று முதல்நாள் எங்கே இருந்தது? பாதைகள் அயர்லாந்துக்கு மேற்கே, அந்த ரொக்கெட் இறங்கிய வழிக்கே போய்ச் சேர்ந்தன.

வழமையாக இத்தகைய கணிப்பு முன்னோக்கியே செய்யப்படுகிறது. திண்ம எரிபொருள் ரொக்கெட் கிளம்பினால் ஹைட்ரஜன் குளோரைட்டும் அலுமினியம் ஒக்சைட்டுத் துகள்களும் வெளியேறும். அன்றைய காற்று அவற்றை எங்கே கொண்டுபோகும், எவ்வளவு கீழே படியும் என்று ஏவுமுன்பே கணக்கிடலாம். முன்னோக்கிய கணக்கு எச்சரிக்கை, பின்னோக்கியது சாட்சியம். கூலுங்ஸ்போர்னில் நடந்தது இரண்டாவது. எறிந்தவர் அளக்காததை, காற்று போன வழியில் இருந்தவர் அளந்தார்.

விண்வெளிப் பொருட்களால் நேரும் சேதத்துக்கு 1972ஆம் ஆண்டின் சர்வதேசப் பொறுப்புடைமை உடன்படிக்கை இருக்கிறது. அதன்படி சேதம் என்பது உயிரிழப்பு, காயம், உடல்நலக் கேடு, சொத்து இழப்பு. போலந்தில் விழுந்த துண்டுக்காக முறையிட ஒரு வளவின் சொந்தக்காரர் இருக்கலாம். 96 கிலோமீற்றர் உயரத்துக்கு யார் சொந்தக்காரர்? அந்த இலித்தியத்தால் யாரும் நோயுற்றதாகச் செய்தியில்லை. பாதிக்கப்பட்டவர் இல்லாதபோது தவறு உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன். 'யாருக்கும் தீங்கில்லை' என்பது ஒரு கூற்று. அதைச் சொல்பவர் அளந்துவிட்டுச் சொல்லவேண்டும். அளக்காமல் சொன்னால், அது பிற்பாடு உண்மையாகவே அமைந்தாலும், சொன்னவருக்கு அதிர்ஷ்டம் வாய்த்தது என்பதே பொருள். ஒவ்வொருவரும் 'என்னுடையது கொஞ்சம்தானே' என்கிறார்கள். படைமண்டலத்தில் விமானம் சேகரித்த கந்தக அமிலத் துகள்களில் சுமார் 10 வீதத்தில், எரிந்த விண்கலங்களின் அலுமினியமும் பிற உலோகங்களும் கலந்திருப்பதை 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அந்தக் கொஞ்சங்கள் சேர்ந்ததுதான் இது.

கணினி மாதிரிகள் முற்றாகத் துல்லியமானவை அல்ல என்பார்கள். மெய்தான். அந்தத் தெளிவின்மையின் சுமையை யார் தாங்குவது? எறிகிறவரா, கீழே மூச்சுவிடுகிறவரா? செய்மதிகளின் பயன் நம் கைத்தொலைபேசி வரை வருகிறது. ஆகவே கேட்கவேண்டியவர்களில் நாமும் அடக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில், 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் எழுகிறது. அந்த இடத்தைத் தெரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. துருவப் பாதைக்குத் தெற்கே பாயும் ரொக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போவதுபோல இலங்கையைச் சுற்றி வளையவேண்டியதில்லை. நம் ஊர்களின் மீது துண்டுகள் விழக்கூடாதென்று அவ்வளவு தூரம் கணக்குப் பார்க்கிறார்கள். எறியுமுன் அளக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? புகைக்கும் அதே கணக்கைக் கேட்பது பேராசையாகாது.