திறந்தவெளியில் ஸமா

மொராக்கோவின் அட்லாண்டிக் கரையிலுள்ள எஸ்ஸவீரா என்னும் பழைய துறைமுக நகரில், 1998 முதல், பெருந்தொற்றுக் கால இடைவெளி நீங்கலாக, ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தின் ஒரு வார இறுதியை ஒட்டி க்னாவா இசை விழா நடந்துவருகிறது. அதன் பெரிய மேடைகள் நகரச் சதுக்கத்திலும் கடற்கரையிலும் திறந்தவெளியில் எழுப்பப்படுகின்றன; அவற்றின் முன் நின்று கேட்க நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. அரபு உலகின் இசையையும் ஆடலையும் கலையையும் இவ்வாறு விலையின்றிப் பொதுவில் வைக்கும் விழாக்கள் இன்று பல நாடுகளில் உண்டு என்றாலும், அவற்றைப் பற்றிய சமயவழிப் பேச்சு பெரும்பாலும் இசை ஆகுமானதா, விலக்கப்பட்டதா என்ற ஒற்றை வினாவையே சுற்றி வருகிறது. எஸ்ஸவீராவின் சதுக்கம் எழுப்பும் வினா அதைவிடக் கடினமானது. ஒரு சடங்கின் உள்ளே, தெரிந்தவர் நடுவே, கட்டுப்பாட்டோடு கேட்கப்பட்டுவந்த இசையை, யாரும் எந்நேரமும் வந்து கேட்டுவிட்டுப் போகலாம் என்று திறந்துவிட்டால், கேட்பவருக்கு அந்த இசையின்பால் கடமை ஏதேனும் எஞ்சுமா என்பதே அது.

கேட்பவரின் கடமை என்ற எண்ணம் இஸ்லாமிய மரபுக்குப் புதியதன்று. ஸமா எனப்படும் வழக்கம், இறைநினைவைத் தூண்டும்பொருட்டுப் பாடலையோ இசையையோ கூடியிருந்து செவிமடுப்பது; ஸூஃபிகள் எனப்படும் அகநெறியாளரிடையே அது வேரூன்றியது. அதில் பாடுபவரைக் காட்டிலும் கேட்பவருக்கே முதலிடம். சட்ட அறிஞர்கள் இதைப் பற்றி நூற்றாண்டுகளாக வாதிட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதைச் சேர்ந்த இப்னு அபித்துன்யா இசைக்கருவிகளைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். கொர்தோபாவின் இப்னு ஹஸ்ம், இசையைத் தடைசெய்வதாகக் காட்டப்படும் நபிமொழிகள் நம்பத்தக்க அறிவிப்புத் தொடர் உடையவை அல்ல என்று மறுத்தார். 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி, ஸூஃபிகளின் கூத்தும் பரவசமும் சைத்தானின் மயக்கு வேலை என்றார். இரு தரப்பும் தத்தம் சான்றுகளை இன்றுவரை மாற்றி மாற்றி அடுக்கிவருவதால், அந்த வழக்கை இங்கே மீண்டும் விசாரிப்பதில் பயன் குறைவு.

வழக்கின் போக்கையே மாற்றியவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). சமய அறிவியல்களுக்கு உயிரூட்டுதல் என்று பொருள்படும் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்ற அவருடைய பெருநூலில், ஸமாவின் ஒழுங்குகளுக்கும் அதனால் விளையும் பரவசத்துக்கும் ஒரு தனிப் பகுதியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இனிய ஒலி இனியது என்பதனாலேயே விலக்கப்பட்டதாக முடியாது, அப்படியானால் பறவையின் குரலையும் விலக்க நேரும் என்று அவர் தொடங்குகிறார். நரம்புக்கருவிகளையும் சில குழல்களையும் அவர் அனுமதிக்கவில்லை என்பது மெய்யே. ஆனால் அதற்கு அவர் காட்டும் காரணம் அவற்றின் ஒலியில் இல்லை. அக்கருவிகள் அக்காலத்து மது அவைகளின் அடையாளமாக இருந்தன, கேட்பவரை அந்த அவைகளின் நினைவுக்கு இழுத்துச் சென்றன என்பதே அவர் வாதம். ஆக, தடையைப் பேசும்போதுகூட அவர் பார்வை கருவியைத் தாண்டிக் கேட்பவரின் நெஞ்சில்தான் போய் நிற்கிறது.

ஒரே பாடல் ஒருவரைக் காமத்துக்கும் மற்றொருவரைக் கண்ணீருக்கும் கொண்டுசெல்லும் என்பதால், கஸ்ஸாலி கேட்போரை நான்கு நிலைகளில் வைக்கிறார். ஓசையின் இனிமையை மட்டும் நுகர்வது முதல் நிலை. அது ஒட்டகத்துக்கும் உண்டு, ஓட்டுநனின் பாட்டில் அது சுமையையே மறந்து நடக்கிறது. கேட்ட சொற்களைத் தான் விரும்பும் மனிதர்மேல் பொருத்திக்கொள்வது அடுத்தது. மூன்றாம் நிலையில் கேட்பவர் அவற்றை இறைவனுக்கும் தமக்கும் இடையிலான உறவின்மேல் பொருத்துகிறார். நான்காவதில் கேட்கிறோம் என்ற தன்னுணர்வே கரைந்துபோகிறது. இதற்கு மேல் அவர் வலியுறுத்தும் மூன்று நிபந்தனைகள், 910இல் மறைந்த பக்தாதின் ஜுனைத் வழியாக வந்தவை: காலம், இடம், உடனிருப்போர். மனம் வேறொன்றில் சிக்கியிருக்கும் நேரத்தில் ஸமா வேண்டாம். ஆள்நடமாட்டமுள்ள வழியில் வேண்டாம். பரவசத்தை நடிப்பவரும் அதை ஏளனம் செய்பவரும் உள்ள கூட்டத்தில் வேண்டாம். இளமையில் இசைக்கு அசைந்தாடிய ஜுனைத் பிற்காலத்தில் அசைவற்று அமர்ந்திருப்பதைக் கண்டு சிலர் காரணம் கேட்டபோது, நிலையாக நிற்பவைபோலத் தோன்றும் மலைகள் மேகங்களைப்போல நகர்ந்துகொண்டிருப்பதைச் சொல்லும் குர்ஆன் வசனத்தை அவர் விடையாக ஓதினார் என்று கஸ்ஸாலி பதிவுசெய்கிறார். வெளியே தெரியும் ஆட்டத்தை உள்ளே நிகழ்வதன் அளவுகோலாகக் கொள்பவர்களுக்கு இது போதுமான மறுமொழி.

இந்த மூன்று நிபந்தனைகளையும் மனத்தில் வைத்து எஸ்ஸவீராவைப் பார்த்தால், நகரச் சதுக்கத்து மேடை அவற்றில் ஒன்றைக்கூட நிறைவேற்றவில்லை என்பது உடனே தெரியும். ஆனால் அங்கே ஒலிக்கும் இசை தன் பிறப்பிடத்தில் இதைவிடவும் கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தது. க்னாவாக்கள், சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கருதுபவர்கள். அவர்களுடைய பாடல்களில் மொராக்கோ அரபியோடு பம்பாரா மொழிச் சொற்களும் கலந்திருப்பதால், அதை அரபு இசை என்று மட்டும் அழைப்பது அரைகுறை உண்மைதான். லீலா என்பது அவர்களது இராச்சடங்கு. நோயோ மனத்துயரோ தீர வேண்டியோ, செலுத்த வேண்டிய நேர்த்திக்கடனாகவோ ஒரு குடும்பம் அதை நடத்துவிக்கிறது. பலி, விருந்து, தூபம், இசைஞர்களுக்கான சன்மானம் எல்லாம் அக்குடும்பத்தின் பொறுப்பு. மாலெம் எனப்படும் தலைமை இசைஞர் வாசிக்கும் கெம்ப்ரி, ஒரே மரத்துண்டைக் குடைந்து, மேலே ஒட்டகத் தோலை இழுத்துக் கட்டி, ஆட்டுக்குடலில் முறுக்கிய மூன்று நரம்புகளைப் பூட்டிய கருவி. அதன் காம்பு நுனியில் வளையங்கள் கோத்த தகடு ஒன்று செருகப்பட்டிருப்பதால், ஒவ்வொரு மீட்டலோடும் ஒரு கரகரப்பு சேர்ந்து எழும். க்ரகேப் என்னும் இரும்புத் தாளங்கள் அதைச் சூழ்ந்து இடைவிடாமல் ஒலிக்கும். இரவு நகர நகர, கண்ணுக்குப் புலப்படாத ஆற்றல்களாகிய ‘ம்லூக்’ குழு குழுவாக, அவரவர்க்குரிய நிறத்தோடும் வாசனையோடும் பாடலோடும் அழைக்கப்படுகின்றனர். ஒருவர் ஜத்பா என்னும் ஆவேச நிலைக்குள் போனால், சடங்கின் தலைவியாகிய பெண் அவர்மேல் உரிய நிறத் துணியைப் போர்த்தித் தூபத்தை நீட்டுவார். அவர் தணியும்வரை அந்தப் பாடலை நிறுத்தக் கூடாது. இசைஞருக்கு அங்கே கேட்பவரின்மேல் கடமை, கேட்பவருக்கு அழைக்கப்பட்டவர்கள்மேல் கடமை, வீட்டாருக்கு எல்லார்மேலும் கடமை. ஜின்கள் எனப்படும் இத்தகைய புலப்படா ஆற்றல்கள் இருப்பதை ஏற்கும் சட்ட அறிஞர்கள்கூட அவற்றைத் தணிக்கச் செய்யும் சடங்குகளை ஏற்பதில்லை. அந்தக் கண்டனத்துக்கு வலு உண்டு. ஆயினும் லீலாவில் கேட்பது பொறுப்பான செயல் என்பதை அந்தக் கண்டனம் தொடுவதில்லை.

மேடையில் இவை எதுவும் இல்லை. பாடல்கள் சுருக்கப்படுகின்றன, வரிசை மாறுகிறது, ஜாஸ் இசைஞர்களின் சாக்ஸபோன் நடுவில் புகுகிறது. ஒளிவிளக்குகளின் நிறங்கள் எந்த ஆவிக்கும் உரியவை அல்ல. இதைக் கண்டு சடங்கு விற்பனைக்கு வந்துவிட்டது என்று வருந்துவது எளிது. ஆனால் இங்கே எதுவும் விற்கப்படவில்லை, கொடுக்கப்படுகிறது. இஸ்லாமிய நகரங்களில் கொடைக்கென்றே வளர்ந்த நெடிய மரபு உண்டு. வக்ஃபு எனப்படும் அறக்கட்டளைச் சொத்தின் வருவாயில் இயங்கும் ஸபீல் அதன் அழகிய வடிவம். கெய்ரோவில் 1744இல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டிய ஸபீல், தெருவுக்கு முகம் காட்டி நின்று, வழிப்போக்கருக்கெல்லாம் தண்ணீர் வழங்கியது. நம்மூர்த் தண்ணீர்ப்பந்தலைப் போலவே, குடிப்பவர் யார், எங்கிருந்து வருகிறார், தகுதியுடையவரா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கேட்டால் அது அறமாகாது. திறந்தவெளி விழாவை ஸமாவின் சீரழிவாகப் பார்க்காமல் ஸபீலின் தொடர்ச்சியாகப் பார்க்கலாமே என்று ஒருவர் வாதிட்டால், அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

அந்த வாதம் பாதித் தூரம்தான் செல்லும். தண்ணீர் நல்லவர் வாயிலும் தீயவர் வாயிலும் தண்ணீராகவே இறங்குகிறது. இசை அப்படி இறங்குவதில்லை என்பதுதானே கஸ்ஸாலியின் முழுக் கருத்து? கேட்பவரைப் பொறுத்துப் பொருள் மாறும் ஒன்றை, கேட்பவர் யாரென்று பாராமல் வழங்கும்போது, என்ன வழங்கப்பட்டது என்பதே வழங்குபவருக்குத் தெரியாமல் போகிறது. கஸ்ஸாலியிடமே இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. இறைக்காதலும் இல்லாத, காமவெறியும் இல்லாத பொதுமக்களுக்கு ஸமா மற்ற ஆகுமான இன்பங்களைப் போன்றது என்றும், அதையே தொழிலாக்கிப் பொழுதெல்லாம் கழிக்காதவரை குற்றமில்லை என்றும் அவர் சொல்கிறார். சதுக்கத்தில் நிற்கும் கூட்டத்தின் பெரும்பகுதிக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தும். பொருந்தாதவர், அந்தக் கூட்டத்தின் நடுவே உண்மையாகவே ஜத்பாவுக்குள் போய்விடுகிறவர். அவர்மேல் துணி போர்த்தத் தலைவி அருகில் இல்லை. நிகழ்ச்சி நிரலில் அடுத்த குழு காத்திருப்பதால் அவர் தணியும்வரை பாடலை நீட்டவும் வழியில்லை. இலவச விழாவின் அறக்குறை இங்கேதான் இருக்கிறது. இசை புனிதம் இழந்ததைவிட, அது உண்டாக்கும் விளைவுக்கு யாரும் பொறுப்பேற்காததே பெரிய குறை.

ஆனால் இசைஞர்களின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தராசு வேறுபக்கம் சாய்கிறது. நெடுங்காலம் தெருவில் தாளம் தட்டி இரப்பவர்களாகவும், பேயோட்டிகளாகவும் மட்டும் பார்க்கப்பட்டவர்கள் க்னாவாக்கள். அவர்களுடைய கலை 2019இல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்ததற்கு, அந்தச் சதுக்கத்தில் சேர்ந்த கூட்டமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். 2015இல் மறைந்த எஸ்ஸவீராவின் மாலெம் மஹ்மூத் கினியா, வீட்டு லீலாக்களிலும் விழா மேடையிலும் வாசித்தவர். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸுடன் 1994இலேயே இசைத்தொகுப்பு வெளியிட்டவர். அடிமைகளின் வழிவந்த ஒருவர் தம் ஊர் நடுவே தலைநிமிர்ந்து வாசிக்கும் உரிமையை, நிபந்தனைகளின் தூய்மை கருதி மறுப்பது நியாயமாகாது.

க்னாவாக்கள் தம் ஆன்மிக முன்னோராகக் கொள்பவர் பிலால். எஸ்ஸவீராவிலுள்ள அவர்களது ஸாவியா, அதாவது சமயக் கூடம், அவர் பெயரையே தாங்கியுள்ளது. அபிசீனிய வம்சாவளியினரான பிலால் அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டவர், இஸ்லாத்தின் முதல் முஅத்தின், அதாவது தொழுகைக்கு அழைப்பவர். 630இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்ட நாளில் அவர் கஅபாவின்மேல் ஏறி அழைப்பு விடுத்ததாக மரபு சொல்கிறது. பாங்கு என்று தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் அந்த அழைப்பை இசை என்று எந்த அறிஞரும் வகைப்படுத்துவதில்லை. என்றாலும் அது மனிதக் குரல், திறந்தவெளியில் எழுவது, விலையற்றது, நம்பியவர் நம்பாதவர் எல்லார் காதிலும் விழுவது. அதே வேளையில் அது கேட்பவரைச் சும்மா விடுவதில்லை: அதைச் செவியுறும் முஸ்லிம் அந்த வாசகங்களைத் தாமும் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்வது நபிவழி. எகிப்தியக் கவிஞர் பூஸீரி பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நபிபுகழ்ப் பாடலாகிய புர்தா, தமிழக முஸ்லிம் ஊர்களில் ஓதப்படும்போதும் இப்படித்தான். கேட்க வந்து அமர்ந்தவர் சற்றுநேரத்தில் ஓதுபவர்களில் ஒருவராகிவிடுகிறார். எல்லார்க்கும் திறந்திருப்பதும் கேட்பவரைப் பிணைப்பதும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற எண்ணத்துக்கு, க்னாவாக்களின் முன்னோர் மரபிலேயே மறுப்பு இருக்கிறது.

விழாவை நடத்துவோர் இந்த மறுப்பை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெரிய மேடைகளை எல்லார்க்கும் திறந்துவிட்டு, பழைய கோட்டைக் கொத்தளத்திலும் மதில்சூழ் நகருக்குள் உள்ள மாளிகையிலும் சிறிய அவைக்கு நள்ளிரவை ஒட்டிக் கச்சேரிகள் அமைத்து, அவற்றுக்கு நுழைவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே கெம்ப்ரி ஒலிபெருக்கியின் இரைச்சலின்றிக் கேட்கிறது, வந்தவர்கள் தரையில் அமைதியாக அமர்கிறார்கள், இரவும் போதிய அளவு நீள்கிறது. ஜுனைத் விதித்த காலம், இடம், உடனிருப்போர் என்ற மூன்றும் எஸ்ஸவீராவில் இப்போது பணம் கொடுத்தவர்க்கே கிடைக்கின்றன.