மஞ்சள் பனியன் ஹோகன்

குரங்கணியில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டும், நாற்பது வயதைத் தொட்ட ஆளிடம் மல்யுத்தக் கார்டு பற்றிக் கேட்டுப் பாருங்கள். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று இன்றும் ஒப்பிப்பார். அந்தக் கட்டில் ஹல்க் ஹோகனுக்கு மவுசு அதிகம். 1987-இல், 200 கிலோவைத் தாண்டிய ஆந்த்ரே என்ற மல்யுத்த வீரரைத் தூக்கி அடித்த மனிதர் அவர்.

பிள்ளைகளை வைட்டமின் சாப்பிடச் சொன்ன அவரே ஸ்டீராய்டு எடுத்ததை 1994-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கறுப்பின மக்களை இழிவாகப் பேசிய பதிவு 2015-இல் வெளியானதும் மல்யுத்த நிறுவனம் அவரை விலக்கியது. 2018-இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ரசிகர்கள் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஒரு அரங்கமே அவரைப் பார்த்து ஊளையிட்டது. அந்த ஜூலையில், 71 வயதில், போய்ச் சேர்ந்தார்.

நிறத்தையும் சாதியையும் சொல்லி ஏச்சு வாங்கியவர்களுக்கு அந்தப் பேச்சு எங்கே குத்தும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பனியனைக் கிழித்துப் போட்டு, காதருகே கைவைத்துக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் அந்த மீசைக்காரரைப் பார்த்தால் முகம் தானாக மலர்கிறது. அதற்காக மன்னித்தாயிற்று என்று ஆகாது. மகன் கேட்டால் ஆந்த்ரேயைத் தூக்கியதையும் சொல்லலாம், அந்த வாயையும் சொல்லலாம்.